மூல மாறிக்கு ஒரு வரி: பல நாட்டுக் குடும்பப் பேனல் தரவை ஆவணப்படுத்தும் முழுமையான வழிகாட்டி

கோப்பில் ஒருவருக்கு −1 என்று பதிவாகியிருக்கிறது. ஜெர்மனியின் எஸ்ஓஇபி என்ற குடும்பப் பேனலின் (ஒரே குடும்பங்களைச் சுற்றுச் சுற்றாகத் திரும்பத் திரும்ப நேர்காணும் ஆய்வின்) தரவில் அதற்கு ‘பதில் சொல்லவில்லை’ என்று பொருள். பிரிட்டனின் அண்டர்ஸ்டாண்டிங் சொசைட்டியில் ‘தெரியாது என்றார்’. ஆஸ்திரேலியாவின் ஹில்டாவில் ‘அவரிடம் கேட்கவே இல்லை’. மூன்று நாட்டுக் கோப்புகளையும் அடுக்கி, −1 எல்லாவற்றையும் ஒரே ‘விடுபட்டது’ ஆக்கிவிட்டால் நிரல் பிழை காட்டாமல் ஓடி முடியும், அட்டவணையும் வரும். எந்த நாட்டில் மக்கள் பதில் சொல்ல மறுத்தார்கள், எந்த நாட்டில் கேள்வியே இல்லை என்ற வேறுபாடு மட்டும் அதோடு அழிந்துபோகும்.

பல நாட்டுப் பேனல்களிலிருந்து ஒத்திசைத்த (ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்த) மாறி ஒன்றை உருவாக்குகிறவர்கள் பெரும்பாலும் நிரலை முதலில் எழுதி, ஆவணத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். மூல மாறி (பேனல் தந்த கோப்பில் உள்ளபடியான மாறி) ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி முடித்த பிறகு நிரலில் கை வைத்தால், நிரல் அந்த வரிகளின் நகலாகத்தான் இருக்கும். ‘உடல்நிலையைத் தானே மதிப்பிடுதல்’ என்ற மாறியை உதாரணமாக வைத்து வேலையைப் பார்க்கலாம். ஐந்து விடைகள் கொண்ட எளிய கேள்வி அது. எளிமையானது என்று நம்பி இறங்குவதால்தான் அதில் இவ்வளவு பேர் சறுக்குகிறார்கள்.

படி 1: இலக்கு மாறியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

மூலத் தரவைத் திறப்பதற்கு முன், உங்களுக்கு வேண்டியது என்ன என்று எழுதுங்கள். ‘உடல்நிலை’ என்று மட்டும் போட்டால் போதாது. ‘நேர்காணல் சமயத்தில் தன் பொதுவான உடல்நிலை எப்படி இருக்கிறது என்று அவரே சொன்னது, ஐந்து நிலை, 1 மிக நல்லது, 5 மிக மோசம்’ என்று வேண்டும். யார் சொன்னது, எந்தக் காலத்தைப் பற்றியது, அளவுகோல் எந்தத் திசையில் போகிறது ஆகிய மூன்றும் அந்த வாக்கியத்துக்குள் வந்துவிட வேண்டும். பின்னால் ஒவ்வொரு மூல மாறியையும் இதோடுதான் உரசிப் பார்க்கப் போகிறீர்கள்.

படி 2: வரியின் அலகை முடிவு செய்யுங்கள்

ஒரு வரி என்பது ஒரு பேனல், ஒரு சுற்று, ஒரு மூல மாறி. பிரிட்டனில் அண்டர்ஸ்டாண்டிங் சொசைட்டிக்கு முன்பிருந்த பேனல் பி.எச்.பி.எஸ். அதற்கு ‘பி.எச்.பி.எஸ்., 1991 முதல் 2008 வரை, ஒரே மாறி’ என்று சுருக்கி எழுத ஆசை வரும். எழுதாதீர்கள். பதினெட்டுச் சுற்றுக்கும் பதினெட்டு வரி. நடுவில் எங்கோ கேள்வி மாறியிருந்தால் சுருக்கிய வரி அதை மூடி மறைத்துவிடும். கீழே அப்படி ஒன்றைப் பார்ப்போம்.

வரியில் இருக்க வேண்டிய பத்திகள் (நெடுவரிசைகள்): இலக்கு மாறி, பேனல், வெளியீட்டுப் பதிப்பு, சுற்று, கள ஆண்டு, கோப்பு, மூல மாறியின் பெயர், கேள்வி மூல மொழியில், அதன் நேர் மொழிபெயர்ப்பு, யாரிடம் கேட்டார்கள், யார் பதில் சொன்னார்கள், எந்த முறையில், விடைக் குறியீடுகளும் பெயர்களும், விடுபட்ட குறியீடுகள், எந்தக் காலத்தைப் பற்றியது, அலகு, மாற்று விதி, ஒப்பீட்டுத் தரம், சரிபார்த்தவர், தேதி. மொத்தம் 20 பத்தி. இதில் எதையும் காலியாக விடக் கூடாது. பொருந்தாத இடத்தில் ‘பொருந்தாது’ என்றே எழுதுங்கள். காலிப் பத்தியைப் பார்ப்பவருக்கு நீங்கள் பார்த்துவிட்டு விட்டீர்களா, பார்க்காமலே விட்டீர்களா என்பது தெரியாது.

படி 3: கோப்பும் மாறியின் பெயரும்

பேனல்களில் பெயர் வைக்கும் முறையே முதல் பொறி. பி.எச்.பி.எஸ்., ஹில்டா, அண்டர்ஸ்டாண்டிங் சொசைட்டி மூன்றிலும் மாறியின் பெயருக்கு முன்னால் சுற்றைக் குறிக்கும் ஆங்கில எழுத்து நிற்கும். எஸ்ஓஇபியின் பழைய சுற்றுவாரிக் கோப்புகளும் எழுத்தில்தான் தொடங்கும். ஆனால் ‘ஏ’ என்ற எழுத்து எஸ்ஓஇபியில் 1984, பி.எச்.பி.எஸ்.ஸில் 1991, ஹில்டாவில் 2001, அண்டர்ஸ்டாண்டிங் சொசைட்டியில் 2009இல் தொடங்கிய சுற்று. 2005ஆம் ஆண்டை எடுத்தால் எஸ்ஓஇபியில் அது ‘வி’, பி.எச்.பி.எஸ்.ஸில் ‘ஓ’, ஹில்டாவில் ‘இ’. எழுத்தையும் ஆண்டையும் தனித்தனிப் பத்தியில் வையுங்கள்; ஒன்றிலிருந்து மற்றொன்றை மனக்கணக்கில் எடுக்காதீர்கள்.

அமெரிக்காவின் பி.எஸ்.ஐ.டி. இன்னொரு ரகம். 1968இல் தொடங்கிய அந்தப் பேனலில் மாறியின் பெயர் வெறும் வரிசை எண்தான்: தொடக்கத்தில் ‘வி’யும் எண்ணும், பின்னர் ‘இ.ஆர்.’ரும் எண்ணும். ஒரே கேள்விக்கு ஒவ்வொரு சுற்றிலும் புதிய எண். முந்தைய எண்ணோடு எதையோ கூட்டினால் அடுத்தது கிடைக்கும் என்ற விதி கிடையாது. அவர்கள் தரும் ஆண்டுவாரிக் குறுக்கு அட்டவணையிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரு இலக்கம் தவறினாலும் நிரல் பிழை காட்டாது, பக்கத்துக் கேள்வியின் விடையை எடுத்து நீட்டும். அதனால் மாறிப் பெயரோடு கோப்பிலுள்ள விவரப் பெயரையும் (லேபிள்) நகலெடுத்து வையுங்கள். நிரல் ஓடும்போது இரண்டும் பொருந்துகிறதா என்று அதுவே பார்த்துச் சொல்லட்டும். பெயரின் பெரிய எழுத்து, சின்ன எழுத்தையும் கோப்பில் உள்ளபடியே எழுதுங்கள். புள்ளியியல் மென்பொருள்களான ஸ்டேட்டாவுக்கும் ஆர் மொழிக்கும் அவை வேறு வேறு.

அடையாள எண்களுக்கும் தனி வரி உண்டு. நபரின் எண் சுற்றுக்குச் சுற்று நிலைத்திருக்கும். குடும்பத்தின் எண் அப்படியல்ல: மகள் கல்யாணமாகிப் போவாள், தம்பதி பிரிவார்கள், எது ‘அதே குடும்பம்’ என்று சொல்ல முடியாது. அண்டர்ஸ்டாண்டிங் சொசைட்டியின் குடும்ப எண் அந்தச் சுற்றுக்கு மட்டும் உரியது. அதை வைத்து இரண்டு சுற்றுகளை இணைத்தால் கிடைப்பது குப்பை. எஸ்ஓஇபியில் தொடக்கக் குடும்ப எண், இப்போதைய குடும்ப எண் என்று இரண்டு. பி.எஸ்.ஐ.டி.யில் நபரை அடையாளம் காண 1968 குடும்ப எண்ணை 1000ஆல் பெருக்கி நபர் எண்ணைக் கூட்டுவது வழக்கம். இந்தக் கணக்கையும் வரியில் எழுதிவிடுங்கள்.

படி 4: கேள்வியை மூல மொழியில் வாசியுங்கள்

அதிக நேரம் இங்கேதான் போக வேண்டும். கோட்புக்கில் (மாறிகளையும் குறியீடுகளையும் பட்டியலிடும் ஆவணத்தில்) இருக்கும் நான்கு சொல் விவரப் பெயர் கேள்வி ஆகாது. வினாப்பட்டியலைத் திறந்து, கேட்பவர் வாய்விட்டுப் படித்த வாசகத்தை அப்படியே எழுதுங்கள்.

பி.எச்.பி.எஸ்.ஸின் வழக்கமான உடல்நிலைக் கேள்வி, கடந்த 12 மாதங்களில், உங்கள் வயதுக்காரர்களோடு ஒப்பிட்டால், உங்கள் உடல்நிலை மொத்தத்தில் எப்படி இருந்தது என்பது. விடைகள்: மிகச் சிறப்பு, நன்று, சுமார், மோசம், மிக மோசம். 1999இல் ஒன்பதாம் சுற்றில் எஸ்.எஃப்.-36 என்ற உடல்நல வினாத்தொகுதி உள்ளே வந்தது. கேள்வி ‘பொதுவாக உங்கள் உடல்நிலை எப்படி’ என்று மாறியது. வயதுக்காரர்கள் போனார்கள், 12 மாதமும் போயிற்று. விடைகள்: மிகச் சிறப்பு, மிக நன்று, நன்று, சுமார், மோசம். பதினான்காம் சுற்றில், 2004இல், மறுபடியும் இதே வினாத்தொகுதி.

‘நன்று’ என்று சொல்லும் ஒருவரைப் பின்தொடருங்கள். 1998இல் அவர் 2. 1999இல் அதே சொல்லைச் சொன்னால் 3. 2000இல் திரும்ப 2. உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அளவுகோல்தான் கீழே இறங்கி மேலே ஏறியது. மூல மாறியின் பெயரும் அந்தச் சுற்றில் வேறு என்பதால், கவனமாக வேலை செய்பவர்கூட ‘1999இல் வேறு பெயரில் இருக்கிறது, இணைத்துவிடுவோம்’ என்று இணைத்துவிடுவார். சுற்றுக்கு ஒரு வரி என்று எழுதினால் இந்த மாற்றம் கண்ணில் படாமல் போகாது.

நாடு விட்டு நாடு போனால் இன்னும் சிக்கல். ஹில்டாவும் பி.எஸ்.ஐ.டி.யும் மிகச் சிறப்பு முதல் மோசம் வரையிலான அமைப்பையே வைத்திருக்கின்றன: ஐந்தில் மூன்று விடைகள் நல்ல பக்கம். எஸ்ஓஇபி இப்போதைய உடல்நிலையைக் கேட்கிறது. விடைகள் மிக நன்று, நன்று, திருப்திகரம், அவ்வளவு நன்றாக இல்லை, மோசம். நடுவில் இருக்கும் ‘திருப்திகரம்’ ஆங்கிலத்து மூன்றாம் விடையான ‘நன்று’க்குச் சமமா? சொல்லாக எடுத்தால் இல்லை, இடமாக எடுத்தால் ஆம். சுவிஸ் ஹவுஸ்ஹோல்ட் பேனலோ ‘இப்போது எப்படி இருக்கிறீர்கள்’ என்ற பாணியில் கேட்கிறது. மிக நலம், நலம், சுமார் என்று விடைகள் இறங்கும். அதுவும் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் என்று மூன்று மொழியில். ‘சுமார்’ என்று தமிழில் நாம் சாதாரணமாகச் சொல்வது நல்லதா கெட்டதா என்று யோசித்தாலே இந்த ஒப்பீட்டின் கஷ்டம் புரியும்.

ஆக, ஆவணத்தில் சொல்லையும் இடத்தையும் இரண்டையும் எழுத வேண்டும். ஒரே ‘சரியான’ ஒத்திசைவைத் தேடி அலைவதைவிட இரண்டு மூன்று வடிவங்களைத் தருவதே நல்லது: இடத்தை வைத்து ஐந்து நிலை, சொல்லை வைத்து ‘நன்று அல்லது மேல்’ என்ற இரு நிலை, பிரிட்டனுக்குள் மட்டும் நான்கு நிலை. நான்கு நிலையில், பழைய கேள்வியின் மோசமும் மிக மோசமும் ஒன்று, புதிய கேள்வியின் நன்றும் மிக நன்றும் ஒன்று. வயதுக்காரர்களோடு ஒப்பிடச் சொன்ன விளைவை எந்தச் சேர்ப்பாலும் நீக்க முடியாது. அதையும் வரியில் எழுதுங்கள். மூல விடையை அழித்துவிட்டு ஒத்திசைத்ததை மட்டும் தருவது மட்டும் வேண்டாம்.

படி 5: யாரிடம் கேட்டார்கள், யார் சொன்னார்கள்

வயதெல்லை ஒவ்வொன்றிலும் வேறு: சுவிஸ் பேனலில் தனிநபர் நேர்காணல் 14 வயதிலிருந்து, ஹில்டாவில் 15, பிரிட்டனில் 16, எஸ்ஓஇபியில் 17 ஆகும் ஆண்டிலிருந்து. பி.எஸ்.ஐ.டி.யில் எல்லாரையும் கேட்பதே இல்லை. குடும்பத்துக்கு ஒருவர் பதில் சொல்வார். உடல்நிலைக் கேள்வி 1984 முதல் குடும்பத் தலைவருக்கும் மனைவிக்கும் உண்டு. தம்பதி வீட்டில் தலைவர் என்றால் வழக்கமாகக் கணவர். 2017க்குள் அந்தச் சொற்கள் போய் ‘குறிப்பு நபர்’, ‘துணை’ என்று ஆயின. மாறிகளின் விவரப் பெயரும் அப்போது மாறியது. பழைய சொல்லை வைத்துத் தேடினால் புதிய சுற்றுகள் கிடைக்காது.

இன்னொரு இடத்தைக் கூர்ந்து பாருங்கள். பிரிட்டனில் கணவருக்காக மனைவி பதில் சொன்னால், உடல்நிலை போன்ற அவரே சொல்ல வேண்டிய கேள்விகளில் −7 விழும். அதாவது ‘மற்றவர் சொன்னது’, விடுபட்டதாகக் கணக்கு. பி.எஸ்.ஐ.டி.யில் கணவர் மனைவியின் உடல்நிலையைச் சொன்னால் அது 1 முதல் 5க்குள் சாதாரண விடையாக உட்கார்ந்திருக்கும். ஒரே செயல், ஒரு நாட்டில் விடுபட்டது, இன்னொரு நாட்டில் விடை. யார் பதில் சொன்னார் என்பதைக் காட்டும் மாறி பி.எஸ்.ஐ.டி. குடும்பக் கோப்பில் உண்டு. அதையும் எடுத்து இலக்குக் கோப்பில் ஒரு கொடி மாறியாக (அவரே சொன்னாரா இல்லையா என்று காட்டும் மாறியாக) வையுங்கள்.

ஹில்டாவில் இந்தக் கேள்வி, மக்கள் தாங்களே நிரப்பித் திருப்பித் தரும் படிவத்தில் வருகிறது. தராதவர்களுக்கு −8. நேர்காணல் கொடுத்தவர்கள், ஆனால் உடல்நிலை இல்லை. மற்ற நாடுகளோடு விடுபட்ட விகிதத்தை ஒப்பிடும்போது இதைத் தனியே பிரிக்க வேண்டும்.

படி 6: விடுபட்ட குறியீடுகளுக்கு மாற்று அட்டவணை

ஒவ்வொரு பேனலுக்கும் தனி அட்டவணை போடுங்கள், பொதுவான ஒன்றை நம்பாதீர்கள். முக்கியமானவை: எஸ்ஓஇபியில் −1 பதில் இல்லை, −2 பொருந்தாது, −3 நம்ப முடியாத மதிப்பு, −5 அந்த வகை வினாப்பட்டியலில் கேள்வி இல்லை, −8 அந்த ஆண்டே கேள்வி இல்லை. பிரிட்டனில் −1 தெரியாது, −2 மறுப்பு, −7 மற்றவர் சொன்னது, −8 பொருந்தாது, −9 விடுபட்டது. ஹில்டாவில் −1 கேட்கவில்லை, −2 பொருந்தாது, −3 தெரியாது, −4 மறுப்பு அல்லது சொல்லவில்லை, −8 படிவம் வரவில்லை, −10 நேர்காணல் தராதவர். சுவிஸ் பேனலில் −1 தெரியாது, −2 பதில் இல்லை, −3 பொருந்தாது. −1ஐப் போலவே −8உம் மூன்று அர்த்தத்தில் வருகிறது.

பி.எஸ்.ஐ.டி.தான் ஆபத்து, ஏனென்றால் அங்கே விடுபட்டதற்கு எதிர்மறைக் குறியீடே கிடையாது. உடல்நிலையில் 8 தெரியாது, 9 பதில் இல்லை, 0 பொருந்தாது (வீட்டில் மனைவி இல்லை). வார வேலை மணி போன்றவற்றில் 998, 999 என்று வரும். பூச்சியத்துக்குக் கீழே இருப்பதையெல்லாம் விடுபட்டது என்று ஆக்கும் ஒரு வரி நிரல் மற்ற எல்லாப் பேனலிலும் ஓடும், இங்கே ஒன்றும் செய்யாது. அதன் பிறகு சராசரி வேலை நேரம் பார்க்க அழகாக ஏறியிருக்கும்.

பொதுக் குறியீடாக ஐந்து வகை போதும்: தெரியாது, மறுப்பு, அவருக்குப் பொருந்தாது, கேள்வி கேட்கப்படவில்லை, தரவுத் தவறு. ‘பதில் இல்லை’ என்று மட்டும் தரும் பேனலில் தெரியாதது எது, மறுத்தது எது என்று பிரிக்க முடியாது. அங்கே ஆறாவதாக ‘பிரிக்க முடியாதது’ வைத்துக்கொள்ளுங்கள், ஊகித்துப் பிரிக்காதீர்கள். ஸ்டேட்டாவில் 26 எழுத்து வரை நீட்டித்த விடுபட்ட மதிப்புகள் இருப்பதால் இது சுலபம். ஆனால் ஸ்டேட்டா விடுபட்டதை எல்லா எண்ணையும்விடப் பெரியதாகக் கருதும். ‘3க்கு மேல்’ என்று நிபந்தனை போட்டால் அவையும் உள்ளே வந்துவிடும். எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் ஒரு மாறிக்கு மூன்று தனி மதிப்பு, அல்லது ஒரு வீச்சும் ஒரு தனி மதிப்பும் மட்டுமே விடுபட்டதாக அறிவிக்கலாம் என்பதால், அங்கே பொதுக் குறியீடுகளை −1 முதல் −6 வரை அடுத்தடுத்து வைத்தால் வேலை முடியும்.

படி 7: காலம், பணம்

உடல்நிலைக்கு இது சின்ன விஷயம், வருமானத்துக்குப் பெரிய விஷயம். ‘2005 ஆண்டு வருமானம்’ என்று நான்கு கோப்பில் இருப்பதைப் பாருங்கள். பி.எஸ்.ஐ.டி.யிலும் எஸ்ஓஇபியிலும் 2005 நேர்காணல் கேட்பது 2004 ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஹில்டாவில் 2004 ஜூலை முதல் 2005 ஜூன் வரையிலான நிதியாண்டு. பி.எச்.பி.எஸ்.ஸில் 2004 செப்டம்பர் முதல் 2005 ஆகஸ்ட் வரை. விலைவாசிக் குறியீட்டால் வகுக்கும்போது கள ஆண்டை வைத்து வகுத்தால் ஒரு நாட்டில் சரியாகவும் இன்னொன்றில் ஓராண்டு தள்ளியும் போகும். கால எல்லையின் தொடக்க மாதம், முடிவு மாதம் இரண்டையும் எழுதுங்கள். பி.எஸ்.ஐ.டி. 1997 வரை ஆண்டுதோறும், 1999 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை; ‘முந்தைய சுற்று’ என்றால் எவ்வளவு காலம் என்பதும் ஆவணத்தில் வேண்டும்.

ஜெர்மன் பணத்தில் ஒரு சிக்கல் உண்டு. பழைய சுற்றுவாரிக் கோப்புகளில் தொகை டாய்ச் மார்க்கில் இருக்கும். 1 யூரோவுக்கு 1.95583 மார்க். எல்லாச் சுற்றையும் ஒன்றாக அடுக்கிய நீள்வடிவக் கோப்புகளில் யூரோவுக்கு மாற்றியே தந்த மாறிகள் உண்டு. எந்தக் கோப்பிலிருந்து எடுத்தது என்று எழுதாமல் விட்டால் அடுத்து வருபவர் இரண்டாம் முறை வகுத்துவிடுவார். கிழக்கு ஜெர்மனியின் முதல் சுற்று 1990 ஜூனில் நடந்தது, ஜூலை 1 நாணய ஒன்றியத்துக்கு முன்னால். அந்த வரியில் அலகு கிழக்கு ஜெர்மன் மார்க்.

படி 8: விதி, சோதனை, தரம்

மாற்று விதியை நிரலாக இல்லாமல் சாதாரணத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள்: ‘மூலம் 1–5 அப்படியே, 8 தெரியாது, 9 பிரிக்க முடியாதது, 0 பொருந்தாது’. பிறகு நிரலை எழுதி மூன்று சோதனை செய்யுங்கள். மூலக் குறியீட்டையும் இலக்குக் குறியீட்டையும் குறுக்கு அட்டவணை இட்டு, ஒவ்வொரு மூலக் குறியீடும் ஒரே ஓர் இலக்குக் கட்டத்தில் விழுகிறதா என்று பாருங்கள். விடையும் விடுபட்டதும் கூட்டினால் கோப்பின் மொத்த வரி எண்ணிக்கை வருகிறதா என்று பாருங்கள். கடைசியாக ஒவ்வொரு விடையின் விகிதத்தையும் சுற்றுவாரியாகக் கோடு போட்டுப் பாருங்கள். 1999இல் பிரிட்டன் கோடு முறிந்து எழுந்தால் காரணம் உங்களுக்கு ஏற்கெனவே வரியில் இருக்கும். காரணம் எழுதாத முறிவு இருந்தால் படி 4க்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஒப்பீட்டுத் தரத்துக்கு மூன்று நிலை போதும்: அப்படியே ஒப்பிடலாம், இழப்போடு ஒப்பிடலாம், ஒப்பிடக் கூடாது. இரண்டாவதைப் போட்டால் எது இழந்தது என்று ஒரு வாக்கியம் கட்டாயம்.

ஏற்கெனவே ஒத்திசைத்துவைத்த தொகுப்புகள் உண்டு. கிராஸ்-நேஷனல் ஈக்விவலன்ட் ஃபைல் ஒவ்வொரு நாட்டு மாறியும் எப்படி உருவானது என்று விளக்கம் தருகிறது. கம்பேரட்டிவ் பேனல் ஃபைல் தரவைத் தராமல், ஏழு நாட்டுப் பேனல்களுக்கான நிரலை மட்டும் தருகிறது. தரவுக்கான உரிமத்தை நாம் தனித்தனியே வாங்க வேண்டும். உங்கள் வரிகளை இவற்றோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் உடனே உங்களுடையதைத் திருத்தாமல், வேறுபாட்டை எழுதிவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

படி 9: எப்படிச் சேமிப்பது

யூ.டி.எஃப்.-8 குறியாக்கத்தில் சாதாரண உரைக் கோப்பு, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக்குள். எக்செல்லில் திறந்து சேமிக்கும் பழக்கம் வேண்டாம்: ‘1-5’ என்ற விடை வீச்சை அது தேதியாக்கிவிடும், ஜெர்மன் எழுத்தின் மேற்புள்ளிகளையும் தின்றுவிடும். எக்செல் வேண்டியே ஆக வேண்டும் என்றால் வீச்சை ‘1 முதல் 5’ என்று சொல்லால் எழுதுங்கள்.

பதிப்புப் பத்தியில் ‘சமீபத்தியது’ என்று எழுதாதீர்கள். எஸ்ஓஇபி, ஹில்டா, அண்டர்ஸ்டாண்டிங் சொசைட்டி எல்லாமே ஒவ்வொரு வெளியீட்டிலும் பழைய சுற்றுகளையும் சேர்த்தே தருகின்றன. பழையவற்றில் திருத்தமும் இருக்கும். புதிய வெளியீடு வந்ததும் படி 8இன் எண்ணிக்கைச் சோதனையை எல்லாச் சுற்றுக்கும் மறுபடி ஓட்டி, மாறிய வரிகளை மட்டும் கையால் பாருங்கள்.

ஆவணத்தோடு படி 8இன் எண்ணிக்கைகளையும் வெளியிடுவதானால் அவற்றை ஒருமுறை கண்ணோட்டம் விடுங்கள். ஒரு சுற்றில் ஒரு குறியீட்டில் மூன்று பேர்தான் என்றால், அதை வெளியிட உங்கள் தரவு உரிமம் இடம் தருகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லை ஒவ்வொரு பேனலுக்கும் வேறு. இருப்பதில் கடுமையானதை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே இருப்பதை ‘சிறிய எண்’ என்று மாற்றிவிடுங்கள்.